தாய்வளை

முதல் உதை என் இடுப்பில் விழுந்தபோது நான் ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. உதைத்த காலும் கிடையாது. ஆனாலும் உதை உதைதான். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நிமிர்வதற்குள் தாடையில் ஓர் அறை. அதற்குப் பின்னாலேயே தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து ஒரு சுண்டு. வெங்காயம் உருண்டு ஃபிரிட்ஜுக்கு அடியில் போய்விட்டது.

நான் பயந்தது எனக்காக இல்லை. என் இடது கையில் இருந்த சிவப்பு வளையல் இன்னொருத்தியின் வலியில் ஒரு பங்கை எனக்குக் கொண்டுவருவது. அதைச் செய்தவளே நான்தான். அந்த இன்னொருத்தி உஜு. எட்டு மாதம் முடிந்த வயிறு. திருப்பூர் ராயபுரத்தில் அவள் குடியிருக்கும் தெருவில் ஊர்க்காப்பு மன்றத்துக்காரர்கள் முந்தாநாள்தான் மைக் வைத்துக் கத்திவிட்டுப் போயிருந்தார்கள், ஆப்பிரிக்காக்காரர்கள் மாதக் கடைசிக்குள் ஊரைக் காலி செய்ய வேண்டும் என்று. இன்று வீட்டுக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். அப்படித்தான் நினைத்தேன்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று கேட்காதீர்கள். நொய்யல் பாலத்தில் வயிற்றில் ஒரு குத்து விழுந்து வண்டி தடுமாற, லாரிக்காரன் ஒருவன் என் அம்மாவைத் திட்டினான். உஜுவின் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் கோகிலவாணி காரை நடுத்தெருவில் நிறுத்திவிட்டுத் தாடையைப் பிடித்துக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தார். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிற துளசிமணி அக்கா ஒற்றைச் செருப்போடு ஓடி வந்தாள். பக்கத்துத் தெருவில் இருக்கும் சிசோம், உஜுவைப் போலவே லாகோஸ்காரி, ஏற்கெனவே கதவை இடித்துக்கொண்டிருந்தாள். நால்வர் கையிலும் சிவப்பு வளையல். நால்வரும் ஒரே பக்கத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தோம்.

கதவு திறந்தது. உஜுவின் ஒரு கையில் மரவள்ளிச் சிப்ஸ் பொட்டலம். மறு கை தாடையில்.

“ஏனுங் தமயந்தி,” என்றாள். ஒன்பது வருஷத் திருப்பூர் அவள் வாயில் அப்படியே குடியேறியிருந்தது. “என்னைய யாருங் அடிக்கறது?”

அவளை யாரும் அடிக்கவில்லை. எங்களையும் யாரும் அடிக்கவில்லை. அப்படியென்றால் அந்த நிமிஷத்தில் ஊரில் எங்கேயோ ஒரு பெண் அடி வாங்கிக்கொண்டிருந்தாள். எங்கள் ஐந்து பேருக்கும் வந்துகொண்டிருந்தது அவளுடைய வலி.

வளையலின் கதையைச் சொல்லிவிடுகிறேன். உஜு காதர்பேட்டையில் சின்னப் பழுதுக்காகக் கழித்துப் போட்ட செகண்ட்ஸ் பனியன்களை மொத்தமாக எடுத்து லாகோஸுக்கு அனுப்புகிறவள். கணவன் அங்கே விசா கிடைக்காமல் நிற்கிறான். மூன்று வருஷத்துக்கு முன் முதல் பிள்ளையைச் சுமந்திருந்தபோது வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்று ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே வாசலில் ஒரு கேமரா. முகத்தைப் பார்த்து வலிக்கு மார்க் போட்டு, யாரை முதலில் கவனிப்பது என்று அதுவே சொல்லிவிடும். வெளுத்த முகங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கேமரா. உஜுவுக்குப் பத்துக்கு இரண்டு போட்டது. “உங்க ஆளுங்க எல்லாம் நல்லாத் தாங்குவீங்க” என்றாளாம் நர்ஸ். வாயுப் பிடிப்பு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். அது வாயு இல்லை. ரத்தக் கொதிப்பு ஏறி ஈரல் வீங்கிய வலி. குழந்தை வயிற்றிலேயே போயிற்று. தாயாவது மிஞ்சியது கோகிலவாணியின் சின்ன நர்சிங் ஹோமுக்குத் தூக்கி வந்ததால்.

கோகிலவாணி அன்று என் பட்டறைக்கு வந்து குதித்தார். கை இழந்தவர்களுக்குச் செயற்கை விரலில் தொடு உணர்ச்சி கொண்டுவருவது என் பிழைப்பு.

“சொன்னா நம்பமாட்டேங்கறானுக, தமயந்தி. நம்பவே வேண்டாம். அவ வலி பக்கத்துல நிக்கறவன் உடம்புல தெரியற மாதிரி ஒண்ணு செஞ்சு குடு.”

செய்தேன். கர்ப்பிணி கையில் ஒரு தாய்வளை, துணை நிற்பவர்கள் கையில் பிள்ளைவளைகள். போட்டுப் பார்த்தபோதுதான் நாங்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. வலி அடுத்தவருக்குத் தெரிந்ததோடு நிற்காமல், பங்கு பிரிந்து போனது. ஐந்து பேர் வாங்கிக்கொண்டால் அவளுக்கு ஆறில் ஒரு பங்குதான். ஏன் என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. இன்னொன்றும் தெரிந்தது: சோதனைக்கு வந்தவர்கள் எல்லாரும், வீராப்பு பேசிய ஆண் டாக்டர்கள் உட்பட, பாதியிலேயே வளையைக் கழற்றி எறிந்தார்கள். அந்தப் பங்கு அத்தனையும் ஒரே அடியாகத் தாயின் தலையில் போய் விழுந்தது. அதனால் ஒரு பூட்டு வைத்தேன். தாய்வளைக்காரிக்கு வலி தொடங்கிவிட்டால் பிள்ளைவளை பூட்டிக்கொள்ளும். அவளுக்கு வலியே இல்லாத நேரத்தில்தான் திறக்கும், தாய்வளையையும் அப்போதுதான் கழற்றலாம். அறுத்துக் கழற்றினால் கை நரம்பு போய்விடும்.

உஜுவின் இந்த இரண்டாவது பிள்ளைக்காகத்தான் முதல் செட். இருப்பதும் அந்த ஒரே செட்தான். துளசிமணி அக்கா பிடிவாதம் பிடித்து அந்த வாரம்தான் வளைகாப்பே நடத்தி அதைப் போடவைத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோகிலவாணி உஜுவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். தாய்வளையின் உள்பக்கம் ஒரு செம்புக் கோடு இருக்கும். உஜுவின் கையில் இருந்ததில் கோடு இல்லை.

“இது பிள்ளைவளையாச்சே! அது எங்க?”

துளசிமணி அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

“அட சாமி! வளைகாப்பன்னைக்குக் கடைசில ஒரு புள்ள வந்துச்சே, முக்காடு போட்டுட்டு. நாந்தான் சொன்னேன் உஜுகிட்ட. மாசமா இருக்கறவ மொதல்ல போட்ட வளையலக் கழட்டி, புள்ளைக்கு ஏங்கறவ கையில போட்டா அவளுக்கும் தங்கும்னு.”

“சந்தோஷமாத்தானுங் போட்டேன்,” என்றாள் உஜு. “கை வெறுசா இருக்கக் கூடாதுன்னு அக்கா சொன்னாங்க. தட்டத்துல இருந்து இத எடுத்துப் போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் வந்தாப் போடலாம்னு வெச்சிருந்தது.”

“வளையெல்லாம் வேலை செய்ய நான் ஃபோன்ல பட்டனை அமுக்கறப்ப எல்லார் கையும் செவப்பாத்தான் இருந்துச்சு,” என்று கோகிலவாணி சண்டைக்கு வந்தார், யாரும் குற்றம் சொல்லாமலே. நான் அந்த நேரத்தில் பின்கட்டில் எலுமிச்சைச் சாதம் பரிமாறிக்கொண்டிருந்தேன்.

“யாருங்க்கா அது?” என்று கேட்டேன்.

துளசிமணி அக்கா குரலைத் தாழ்த்தினாள். “அம்சவேணி. சென்னியப்பன் சம்சாரம்.”

ஊர்க்காப்பு மன்றத்தின் தலைவர் சென்னியப்பன். ஆளும் தோசைக்கல் நிறம்தான், அதனால் கறுப்பைப் பற்றி அவன் பேசும்போது கேட்க வேடிக்கையாக இருக்கும். ‘நம்ம ஊட்டுப் பொம்பளைகள நாமதான் காப்பாத்தோணும். நாம என்ன கையில வளையல் போட்டுட்டா உக்காந்திருக்கோம்?’ என்று முந்தாநாள் மைக்கில் கேட்டவன் அவன்தான். அவன் வீட்டுப் பெண் எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லாமல், போகாத கோயில் எல்லாம் போய், கடைசியில் அவன் துரத்தச் சொன்னவளின் வளைகாப்புக்கே முக்காடு போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள்.

இடுப்பில் இன்னோர் உதை விழுந்தது. ஐந்து பேரும் ஒன்றாக முனகினோம்.

“தமயந்தி, இதை நிறுத்து,” என்றார் கோகிலவாணி. “வளையைக் கழட்ட முடியாது, சரி. பங்கு வர்றத நிறுத்தலாமில்ல?”

“நிறுத்தலாங்க. ஆனா எல்லாம் அம்சவேணிக்கே முழுசாப் போயிரும்.”

“உஜுவோட பிரஷர் என்னன்னு தெரியுமா உனக்கு? எட்டு மாசம்! இவளுக்குத்தான் நான் பொறுப்பு. நிறுத்து.”

என் விரல் ஃபோன் மேலேயே இருந்தது. உஜு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாமுங். எனக்கு வலிச்சப்ப ஒருத்தரும் நம்பல. அவ சொன்னாலும் யாரும் நம்பமாட்டாங்க. அவ சொல்லவும் மாட்டா. நமக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சப்பறம் எப்படிங் கண்ண மூடிக்கறது?”

கோகிலவாணி அவளை முறைத்தார். பிறகு பிரஷர் பார்க்கிற பட்டையை எடுத்து உஜுவின் புஜத்தில் சுற்றினார். அதுதான் அவர் சம்மதிக்கிற விதம்.

ஸ்டேஷனுக்குப் போனோம். “அடி வாங்கினது யாரு?” என்று கேட்டார் எஸ்.ஐ. நாங்கள் ஐந்து பேர். “அடிச்சது?” சென்னியப்பன். “உங்க அஞ்சு பேரையுமா? காயத்தக் காட்டுங்க.” எங்களிடம் காயம் இல்லை. இரண்டு கான்ஸ்டபிள்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். அந்தம்மாவே வந்து எழுதிக் கொடுக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். துளசிமணி அக்கா மாவு திரிக்கப் போகிற சாக்கில் அம்சவேணி வீட்டு கேட்டில் போய் நின்றாள். “எனக்கென்னக்கா, நல்லாத்தான் இருக்கறேன்,” என்று உள்ளிருந்தே குரல் வந்ததாம்.

நாளாக நாளாக அடி கூடியது. முதலில் கை, கால். அப்புறம் பெல்ட். ஒரு நாள் காலையில் கதவிடுக்கில் விரல்களை வைத்து நசுக்கியது போல ஒரு வலி வந்து துளசிமணி அக்கா ஓவர்லாக்கில் தன் விரலையே கொடுத்துவிட்டாள். தையல் போட்ட கையோடு மறுநாளும் வேலைக்குப் போனாள். கோகிலவாணி ஒரு பிரசவத்தின் நடுவில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு விலகி நின்றார். எந்த நேரத்தில் கை துள்ளும் என்று தெரியாமல் எப்படி அறுப்பது? சிசோம் குளியலறையில் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு அழுவாள். உஜுவின் பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போனது. எனக்கு வந்தது வலியைவிட ஆத்திரம். ஒரு மனுஷனின் கையும் காலும் ஐந்து வீடுகளுக்குள் புகுந்து எங்களை மிதித்துக்கொண்டிருந்தது, அவனுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

எதற்காக நாளுக்கு நாள் இப்படி ஏறுகிறது என்று மட்டும் எங்களுக்குப் புரியவில்லை.

ஒரு புதன்கிழமை காலையில் அடி எதுவும் இல்லை. இடது விலாவில் மட்டும் ஒரு மந்தமான வலி, இடது தோள்பட்டை நுனியில் ஒரு குத்தல். வாயுதான் என்று பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். துளசிமணி அக்காவும் ஓமத் தண்ணீர் குடித்திருக்கிறாள். சிசோம் முந்தின நாள் கடலை தின்றதைக் குற்றம் சொன்னாள். கோகிலவாணியைக் கேட்டால், “காலைல சாப்பிடல, கேஸ் ஏறிக்குச்சு,” என்றார். டாக்டரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன?

உஜு எல்லாரையும் ஒரே அழைப்பில் ஃபோனில் பிடித்தாள்.

“எங்க வலிக்குதுன்னு ஒவ்வொருத்தரும் சொல்லுங்க.”

சொன்னோம்.

“அஞ்சு பேருக்கும் ஒரே எடத்துல, ஒரே நேரத்துல வாயு வருமாங்?” என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதில்லை. “எனக்கும் வாயுன்னுதான் சொன்னாங்க! என்ற புள்ள உள்ள செத்துட்டு இருந்துச்சு, வாயுன்னு மாத்திரை குடுத்தாங்க! டாக்டரம்மா, நீங்களுமா?”

“இடது தோள் நுனி,” என்று மறுமுனையில் கோகிலவாணி முணுமுணுத்தார். “கடவுளே. மண்ணீரல். உள்ளுக்குள்ள ரத்தம் கசியுது. நமக்கு வர்றது ஆறுல ஒண்ணு. அவளுக்கும் ஆறுல ஒண்ணுதான் தெரியும். அவளும் வாயுன்னு ஓமத்தண்ணி குடிச்சுட்டு ஒக்காந்திருப்பா.”

கோகிலவாணியின் காரில் ஐந்து பேரும் திணித்துக்கொண்டு போனோம். உஜு வரக் கூடாது என்று சொல்லிப் பார்த்தோம், அவள் முன்சீட்டில் ஏறி பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே இழுத்து மாட்டிக்கொண்டாள்.

சென்னியப்பன் வீட்டு முன்னால் பந்தல். மன்றத்துக் கூட்டத்துக்கு நாற்காலி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நாலைந்து ஆட்கள். கார்க் கதவு திறந்து உஜு இறங்கியதும் எல்லாக் கையும் நின்றது.

“கறுப்பி, உள்ள கால வெச்சே, கால் இருக்காது,” என்றான் சென்னியப்பன். கையில் பந்தல் போட வைத்திருந்த இரும்புக் குழாய்.

“உங்க சம்சாரம் சாகக் கெடக்கறாங்க,” என்றார் கோகிலவாணி. “வழிய விடுங்க.”

அவன் குழாயைக் காரின் கண்ணாடியில் இறக்கினான். சிசோம் உஜுவுக்குக் குறுக்கே போனாள். அடுத்த வீச்சு சிசோமின் முழங்கையில் விழுந்தது. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. யாரோ எறிந்த செங்கல் துண்டு என் நெற்றியைப் பிளந்தது. முழு வலி எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. கண்ணில் ரத்தம் வழிய, துளசிமணி அக்கா தையல் போட்ட கையாலேயே ஒருவன் சட்டையைப் பிடித்து உலுக்கியதை ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். உஜு மட்டும் ஓடவில்லை. வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராக வாசலைப் பார்த்து நடந்தாள். அவன் குழாயை ஓங்கினான்.

“மாமா, வந்தவங்கள அடிக்காதீங்க.”

வாசற்படியில் அம்சவேணி நின்றாள். கையில் கரண்டி. உதடு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. முகத்தில் பழையதும் புதியதுமாக வீக்கம். சிவப்பு வளையல் மட்டும் புதிதாக மின்னியது.

“எனக்கு ஒண்ணும் இல்லீங்க்கா,” என்றாள் எங்களைப் பார்த்து, ரொம்ப மரியாதையாக. “வலியே இல்ல. கொஞ்சம் வாயு. நீங்க போங்க.” சொல்லிவிட்டுக் கரண்டியோடு படியில் மடிந்து விழுந்தாள்.

“நடிக்கறா!” சென்னியப்பன் தன் ஆட்களிடம் கத்தினான். “இவளுக்குத் திமிரு! கொஞ்ச நாளா எவ்வளவு அடிச்சாலும் அழுகறதே இல்ல. கல்லு மாதிரி நிக்கறா. அழுகற வரைக்கும் அடிச்சாலும் அழுகறதில்லைங்கறேன்! யாரு குடுத்த திமிரு இது?”

நாங்கள் கொடுத்தது. அழுதால் அவன் நிறுத்துவான். எட்டு வருஷமாக அதுதான் அவர்கள் வீட்டுக் கணக்கு. நாங்கள் அவள் வலியை வாங்கிக்கொண்டோம், அவளுக்கு அழுகை வரவில்லை, அழுகை வரும்வரை அவன் அடித்தான். அந்த வாசலில் நின்றபோதுதான் எனக்கு அது புரிந்தது.

கோகிலவாணி மண்டியிட்டு நாடி பார்த்தார். நிமிர்ந்து அந்த ஆட்களைப் பார்த்தார். “இன்னும் அரை மணி நேரத்துல இவ செத்துருவா. கொலைக் கேஸ். யாரெல்லாம் இங்க நிக்கறீங்கன்னு எனக்கு முகம் தெரியும்.”

நாற்காலிகள் அப்படியே கிடந்தன. ஆட்கள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். சென்னியப்பன் மட்டும் குழாயோடு தனியாக நின்றான். உஜுவும் துளசிமணி அக்காவும் அம்சவேணியைத் தூக்கிக் காரில் கிடத்தினார்கள்.

நர்சிங் ஹோமில் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். சிசோமின் கையில் மாவுக்கட்டு, என் நெற்றியில் தையல். உள்ளே கோகிலவாணியும், அவர் வரவழைத்த சர்ஜனும். அவர் கதவைச் சாத்துவதற்கு முன் என்னிடம் சொன்னது ஒன்றுதான்: “இனிமே எவ வலியையும் குறைக்காதே. தெரிஞ்சாப் போதும். மாத்து.” ஃபோனை எடுத்து மாற்றினேன். இனிப் பங்கு இல்லை. தாய்க்கு எவ்வளவோ அவ்வளவும் அவளிடமே இருக்கும், அதே அளவு பிள்ளைவளைக்கும் போகும்.

மாற்றி முடித்த அதே நொடியில் என் மணிக்கட்டில் ஒரு ‘டிக்’. வளை விரிந்து மடியில் விழுந்தது. பக்கத்தில் சிசோமுக்கு ஒரு டிக். உஜுவுக்கு. துளசிமணி அக்கா திறந்த வளையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“போயிட்டா! அம்சவேணி போயிட்டா!”

“இல்லீங்க்கா,” என்றேன். “மயக்க மருந்து குடுத்திருக்காங்க. வலி இல்ல இப்ப.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. வலி இல்லாத நேரத்தில் திறக்கிற பூட்டு. வலி தொடங்கிய அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தூக்கத்தில்கூட ஒரு தடவையும் திறந்ததில்லை. நான் அழுதேன்.

மண்ணீரலை எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள். கோகிலவாணி வெளியே வந்தபோது உஜு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். காலடியில் தண்ணீர்.

“ஆரம்பிச்சிருச்சா? சரி, அவ இன்னும் மயக்கத்துல இருக்கா. தாய்வளையக் கழட்டிட்டு வர்றேன், இப்ப விட்டாக் கெடையாது.”

உஜு திறந்துகிடந்த தன் வளையைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அவளுக்காகவே செய்த செட். முதல் பிள்ளையைப் பறிகொடுத்தவள். பயம் அவள் முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

“வேண்டாமுங். குடுத்த வளையலத் திரும்ப வாங்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க.” ஒரு வலி வந்து போகும்வரை பல்லைக் கடித்தாள். “எனக்கு வலி குறைய வேண்டாம், டாக்டரம்மா. நான் வலிக்குதுன்னு சொன்னா நம்போணும். அது போதுங்.”

“நம்பறேன்,” என்றார் கோகிலவாணி.

மத்தியானத்துக்கு மேல் சென்னியப்பன் வந்தான். இரண்டு ஆட்கள் மட்டும் மறுபடி சேர்ந்திருந்தார்கள். வாட்ச்மேனைத் தள்ளிவிட்டு நேரே வார்டுக்குள் நுழைந்தான். அம்சவேணி அப்போதுதான் கண் விழித்திருந்தாள்.

“எந்திரிடி. ஊட்டுக்குப் போலாம். கண்டவளுக ஆஸ்பத்திரில படுத்துட்டு மானத்த வாங்கறியா?”

கையைப் பிடித்து இழுத்தான். தையல் போட்ட வயிறு இழுபட, அவள் அலறினாள். இத்தனை நாளில் அவள் அழுகையை நாங்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. அவன் முகத்தில் ஒரு திருப்தி வந்தது, சத்தியமாகச் சொல்கிறேன். மறு கையை ஓங்கினான்.

வலி தாங்க நடந்துகொண்டிருந்த உஜு பின்னாலிருந்து அந்தக் கையைப் பிடித்தாள். கையில் வைத்திருந்த வளையை அவன் மணிக்கட்டில் கவ்வவிட்டாள். டிக்.

சென்னியப்பன் மாடு போலக் கத்திக்கொண்டு முழங்காலில் விழுந்தான். இடது விலாவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டான். கூட வந்த இருவரும் அவனைப் பார்க்கவில்லை, அவன் கையில் இருந்த சிவப்பு வளையலைத்தான் பார்த்தார்கள். ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருவரும் வெளியே போய்விட்டார்கள்.

அம்சவேணி கட்டிலில் இருந்து அவனைப் பார்த்தாள். அப்புறம் தன் கையைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கட்டைவிரலைக் கொண்டுபோய் வயிற்றுக் கட்டின் மேல் வைத்து அழுத்தினாள். அவன் அலறினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் அழுத்தினாள். துணியில் சிவப்பு பூத்தது. எனக்கு, மறைக்காமல் சொல்கிறேன், இன்னும் அழுத்தட்டும் என்றுதான் இருந்தது.

உஜு குனிந்து அந்தக் கட்டைவிரலை மெல்ல எடுத்துவிட்டாள்.

“போதும் சாமி. அது உன்ற ஒடம்பு.”

அம்சவேணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அடுத்த வலி உஜுவுக்கு வந்தபோதும் விடவில்லை.

பொழுது சாய்வதற்குள் உஜுவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. இடையில் ஒரு தடவை, “தலை வலிக்குதுங், கண்ணு மங்குது,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கோகிலவாணி எழுந்து ஓடிய வேகத்தில் ஸ்டூல் கவிழ்ந்தது. பிரஷர் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது. ஊசி உடனே ஏறியது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று பிறகு சொன்னார். கருவி எதுவும் அவருக்குச் சொல்லவில்லை, உஜு சொன்னாள்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததால் போலீஸ் அசைந்தது. சென்னியப்பன் இப்போது ஜாமீனில் இருக்கிறான். மன்றத்தில் வேறு தலைவர். வளையல் போட்ட கையோடு மைக் பிடிக்க முடியாதில்லையா? அம்சவேணி உஜுவின் குடோனில் செக்கிங் பார்க்கிறாள், அங்கேயே மாடியில் இருக்கிறாள். நடுவில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றுகிறாள். நாலு வீடு தள்ளி எதிர்ச்சாரியில் தினமும் காலையில் அவன் வந்து நிற்கிறான். கிட்டே வரக் கூடாது என்பது கோர்ட் உத்தரவு. யார் கையிலாவது இளநீர் கொடுத்தனுப்புகிறான். இன்னிக்கு வலி எப்படி இருக்குதுன்னு கேட்டு வா என்கிறான். அவள் படி தடுக்கி விழாமல் இருக்க வேண்டுமே என்று அவனைப் போலக் கவலைப்படுகிறவர் இந்த ஊரில் யாரும் இல்லை.

அவள் வலி அவனுக்குப் போவதை நிறுத்தும் வழி என் ஃபோனில் இருக்கிறது. நிறுத்திவிடு, அதுவும் பாவம்தான் என்கிறார் கோகிலவாணி. பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அம்சவேணிக்குத் தையல் பிரித்து, காயம் ஆறி, தழும்புகூட மங்கிவிட்டது. அவன் கை வளை இன்னும் திறக்கவில்லை. கருவியில் பழுது என்று அவன் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நானும் சந்தேகப்பட்டு, மற்ற வளைகளைப் பிரித்தும் அந்த இரண்டையும் ஃபோன் வழியாகவும் பலமுறை சோதித்துவிட்டேன். பழுதெல்லாம் ஒன்றும் இல்லை. அவளுக்கு இன்னும் வலிக்கிறது.